சன்னலில் ஓட்டை போடச் சொன்ன ஆசானுக்கு

கடப்பாக்கம் கடலோரப் பாடசாலையில் பல்லாண்டுகள் விஞ்ஞானம் போதித்து இன்று ஓய்வு பெறும் திருவாளர் தேவசகாயம் அவர்களுக்கு, உடன் பணிபுரிந்த ஆசிரியர்கள் ஒன்றுகூடி, அளவிலா அன்போடும் ஓரளவு எச்சரிக்கையோடும் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

உப்புக் காற்றிலும் உலராத உற்சாகமே! எலுமிச்சையும் எரிவிளக்கும் துணையாக எங்கள் ஊரின் இல்லந்தோறும் விஞ்ஞானத்தை ஏற்றி வைத்த ஏந்தலே! கேட்டதை நம்பாதே, கண்டதையும் உடனே நம்பாதே, கையால் செய்து பார்த்தபின் நம்பு என்று கற்பித்துக் கற்பித்து, ஏற்கெனவே சந்தேகப் பிராணிகள் நிறைந்த கடப்பாக்கத்தை முழுச் சந்தேக ஊராகவே ஆக்கிவிட்ட ஆசானே! வணக்கம், வணக்கம்!

இம்மடலை எழுதும் பொறுப்பு தமிழாசிரியர் கோதண்டராமன் தலையில் விழுந்தது. தங்களைப் புகழ அவருக்கு மனமில்லாமல் இல்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஆசை ஆசையாகக் கொடுத்தனுப்பிய செய்யுளைத் திங்கட்கிழமை ஒரு பிள்ளையாவது ஒப்பிக்க வேண்டுமே! கேட்டால், இரண்டு நாளும் முட்டையை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுக்கொண்டிருந்தார்களாம். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே இம்மடலில் அடுக்குமொழி சற்றுக் குறைந்து உண்மை சற்றுக் கூடியிருந்தால் பொறுத்தருள்க.

ஐயா, தங்கள் வீட்டுப்பாடம் நோட்டில் எழுதும் பாடமன்று. வெள்ளிக்கிழமை கடைசி மணியில் கரும்பலகையில் ஓரிரு வரி எழுதிப் போடுவீர்கள். காசு செலவாகக் கூடாது; வீட்டில் இருப்பதை வைத்தே செய்ய வேண்டும்; பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்து செய்ய வேண்டும். என்ன நடக்கும் என்று மட்டும் தாங்கள் முன்கூட்டிச் சொல்லவே மாட்டீர்கள். ஒரு வாரம், டம்ளருக்குள் காகிதத்தைத் திணித்து, கவிழ்த்து, தண்ணீரில் அமுக்கிப் பார். இன்னொரு வாரம், இரண்டு தீப்பெட்டியை நீள நூலால் கோத்து, ஒருவர் பேச மற்றவர் காதில் வைத்துக் கேள். இன்னொரு வாரம், மஞ்சள் நீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரை.

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்பார். எங்கள் ஊர்க்காரர் கேட்க மாட்டார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று ஆரத்தி கரைக்கிற பெண்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததனால்தான் சந்தேகம் வலுத்தது. மீனவர் தெருச் செல்லம்மா பள்ளி வாசலுக்கே வந்துவிட்டாள். "ஆரத்தி கரைக்கறது எனக்குத் தெரியாதா? எந்தக் கண்ணாலத்துக்குடா இது ஒத்திகை? யாரு வூட்டுப் பொண்ண யாருக்குப் பேசிகினு கீறாரு உங்க வாத்தியாரு?" என்று அவள் போட்ட சத்தத்தில் வகுப்புகள் நின்றன. அவளைச் சமாதானப்படுத்த அன்று சாயங்காலம் வரை ஆயிற்று.

சிரிக்கிற சந்தேகம் இது. சிரிக்க முடியாததும் இருந்தது. செங்கற்பட்டுப் பக்கத்தில், பிறர் நிலத்தில் நாற்று நட்ட பெற்றோருக்குப் பிள்ளையாகப் பிறந்து, படித்து, இங்கே வேலைக்கு வந்தவர் தாங்கள். வந்த புதிதில், பள்ளித் தண்ணீர்ப் பானைப் பக்கம் போகிறீர்களா என்று ஓரக்கண் போட்டவர்கள் இவ்வூரில் இருந்தார்கள். அதை நினைத்தால் எங்களுக்கு இன்றும் வயிறு எரிகிறது. அப்படிப்பட்ட ஊரில், அவரவர் வீட்டு அடுக்களைச் சாமானை எடுத்து இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

இந்த இடத்தில் தாங்கள் நாற்காலியில் நெளிவது தெரிகிறது. சன்னல் கதையைக் கிளறப் போகிறோம் என்று ஊகித்துவிட்டீர்கள். கிளறத்தான் போகிறோம் ஐயா. கதைக்குரிய மதார் சாகிபே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் சொன்னபடிதான் எழுதியிருக்கிறோம். சொல்லச் சொல்ல அவர் கூட்டிக்கொண்டே போனதால் நாங்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம்.

கயிறு, வலைநூல், கோணி ஊசி, அரிக்கேன் விளக்கு என்று கடலோரத்துக்கு வேண்டியதையெல்லாம் விற்பவர் மதார் சாகிப். தராசை நம்பாமல் கையால் தூக்கிப் பார்ப்பார். கையை நம்பாமல் மறுபடி தராசில் வைப்பார். கடை, தெருவின் ஒரு சாரியில்; வீடு, நேர் எதிர்ச் சாரியில். கடையில் உட்கார்ந்தால் வீட்டு வாசல் தெரிய வேண்டும் என்றே அப்படிப் பார்த்து வாங்கினார். பெண்கள் அயல் ஆண்கள் கண்ணில் படாத கோஷா வீடு அது. தெருப்பக்க அறை அவருடைய அக்காள் சைதூன் அம்மையாருடையது. இளம் வயதில் கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர், வந்த நாளிலிருந்து வாசற்படி தாண்டியதில்லை. அந்த அறையின் சன்னலை யாரும் திறந்து பார்த்ததும் இல்லை.

சாகிபின் மகள் ஹபீபா அப்போது ஏழாம் வகுப்பு. குடியரசு வந்த மறு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் வளர்ந்துவிட்டாள், இதோடு நிறுத்திவிடலாமா என்று அவர் மனத்துக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்த சமயம். பெண்ணுக்கோ பள்ளிக்கூடம் என்றால் உயிர். நிறுத்துவதற்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும் என்ற நிலையில்தான் தாங்கள் அந்த வெள்ளிக்கிழமை கரும்பலகையில் எழுதினீர்கள்: "வெயில் நேரத்தில் ஓர் அறையை முழு இருட்டாக்கு. தெருப்பக்கச் சன்னல் கதவில் பட்டாணி அளவுக்கு ஒரு துளை விடு. எதிர்ச்சுவரைப் பார்."

அடுத்த வாரம் ஒரு நாள், பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன மதார் சாகிப் வாசலில் நின்றுவிட்டார். அக்காளின் சன்னல் கதவில், ஆள் கண் உயரத்தில், வட்டமாக ஒரு ஓட்டை! கீழே புதிதாக விழுந்த மரத்தூள். அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. எவனோ எட்டிப் பார்க்கிறான்! உள்ளே சொன்னால் பெண்கள் பயந்துபோவார்கள் என்று ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். அன்று மாலை ஒரு துண்டு சவுக்காரத்தை வெளியிலிருந்து வைத்து அடைத்தார். மறுநாள் பகலில் வந்து பார்த்தால் சவுக்காரம் இல்லை. அன்று மாலை வரை கடையிலிருந்து அந்த ஓட்டையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

மெழுகு வைத்தார், அதுவும் மறுநாள் இல்லை. எறும்பு தின்றிருக்கும் என்றால், ஓட்டையில் ஓர் எறும்பு கூட ஊரக் காணோம். அப்படியானால் தினமும் வந்து எடுக்கிறவன் ஒருவன் இருக்கிறான். யார்? கடைக்குப் பக்கத்திலேயே, அந்தச் சன்னலுக்கு நேர் எதிரே, சைக்கிள் கடை வைத்திருக்கும் வரதன். துளை போடுகிற கருவி வைத்திருப்பவனும் அவனே. சாகிபுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஆழம் பார்க்க எண்ணிப் போனார்.

"வரதா, தொள போடற உளி ஒண்ணு குடேன். நாளைக்குத் தரேன்."

"இன்னாத்துக்கு பாய்? தகரமா?"

"மரத்துக்கு."

"மரத்துல ஓட்டை போட நம்மகிட்ட வந்துகினு. ஆசாரி வூட்டுக்குப் போங்க பாய்" என்று வரதன் சிரித்தான்.

சிரித்தானே, அதுதான் அவருக்கு உறுத்தியது. ஒன்றும் தெரியாதவன் எதற்குச் சிரிக்க வேண்டும்? இம்முறை சாக்குத்துணியை உருட்டி இறுக்கமாக அடைத்துவிட்டு, மறுநாள் கடையில் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தார். வலைநூல் கேட்டவருக்கு விளக்குத் திரியைக் கொடுத்தார். வரதன் கையை அசைத்தாலும் இவர் பாதி எழுந்தார். வரதன் எங்கும் போகவில்லை. தெருவில் ஒருவரும் சன்னலை நெருங்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. அப்போது அவர் கண்ணெதிரே, அந்தச் சாக்குத்துணி மெல்ல அசைந்து, உள்ளே போயிற்று.

உள்ளே! வெளியே திருடன் இருந்தால் போலீசுக்குப் போகலாம். வீட்டுக்குள்ளிருந்தே ஓட்டையைத் திறந்து வைக்கிறார்கள் என்றால் யாரிடம் போவது? தெருவை இரண்டே எட்டில் தாண்டினார். கதவைத் தட்டிய தட்டில் மனைவி ஷாஜாதி அம்மையார் ஓடி வந்தார்.

"யாரு போட்டது அந்த ஓட்டை?"

"கோவப்படாதீங்க. நம்ம ஹபீபாவுக்கு சயன்ஸ் சாரு குடுத்த பாடங்க அது. நானும் மதினியும் சேந்துதான், நம்ம கடை கோணி ஊசியால கொடைஞ்சி..."

அவர் காதில் 'சயன்ஸ் சாரு' என்ற இரண்டு சொல்லுக்குமேல் ஒன்றும் ஏறவில்லை. ஓர் ஆண், இன்னொருவன் வீட்டுப் பெண்கள் அறையில் ஓட்டை போடச் சொல்லியிருக்கிறான்! அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், செருப்பை மறந்துவிட்டு, கொதிக்கிற மணலில் பள்ளிக்கு ஓடிவந்தார். தலைமையாசிரியர் ஜானகிராமன் நாற்காலி போட்டார், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார், வாங்கவில்லை.

"டி.சி. எழுதுங்க. இன்னிக்கே எழுதுங்க. என் பொண்ணு இனிமே இந்தப் படி ஏறாது" என்றவர், அங்கே வந்து நின்ற தங்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "நீதானே? கோஷா வூட்டுல ஓட்டை போடச் சொன்ன வாத்தி நீதானே? ஜில்லா போர்டு வரைக்கும் போவேன். இந்த ஊர்ல உனக்கு இன்னா வேலைன்னு கேப்பேன்."

கதவோரம் ஹபீபா நின்றிருந்தாள். அழக்கூடத் தெரியாமல் நின்றிருந்தாள். தாங்கள் அவளையும் பார்த்தீர்கள், சாகிபையும் பார்த்தீர்கள். பிறகு, முன்பின் தெரியாத ஒருவரிடம் பஸ் நேரம் விசாரிப்பதைப் போலத்தான் கேட்டீர்கள்.

"சாகிப், அந்த ஓட்டைல வெளிய நின்னு நீங்க பாத்தீங்களா?"

"நானா? பொம்பளைங்க ரூம்ல கண்ணு வைக்கச் சொல்றியா? என் வூடா இருந்தாலும் அது மருவாதியா?"

"அப்ப உள்ள தெரியுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஓட்டைன்னா தெரியாதா?"

"பாத்துட்டு வந்து சொல்லுங்க சாகிப். உள்ள ஒரு விரல் தெரிஞ்சாலும் டி.சி.யோட என் ராஜினாமாவையும் சேத்து வாங்கிக்கினு போங்க."

ஐயா, வேலையைப் பணயம் வைத்துப் பேசினீர்கள். வீட்டில் தங்கள் ஒருவர் சம்பளத்தை நம்பி எத்தனை வயிறு என்று எங்களுக்குத் தெரியும். விஞ்ஞானம் சரியாக இருக்கலாம். சாகிப் பொய் சொல்லிவிட்டால்? ஒன்றும் தெரியாதபோதே 'தெரிந்தது' என்று சொல்லிவிட்டால்? பிறகு நாங்கள் அதைத் தங்களிடம் கேட்டபோது, "கண்ணால பாத்ததப் பத்தி அவரு பொய் சொல்ல மாட்டாரு" என்றீர்கள். சந்தேகக்காரரைச் சந்தேகமே இல்லாமல் நம்பிய ஒரே மனிதர் அன்று தாங்கள்தான்.

மதார் சாகிப் திரும்பிப் போனார். சன்னலருகே நின்று இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மீன்கூடைக்காரி போகட்டும் என்று காத்திருந்தால் மாட்டு வண்டி வந்தது. கடைசியில் தோள் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி, ஓட்டையில் கண்ணை வைத்தார். இருட்டு. கண்ணை அழுத்தினார். இருட்டோ இருட்டு. அவர் கைக்கெட்டும் தூரத்திலிருந்து அக்காளின் குரல் மட்டும் கேட்டது: "ஷாஜாதி! இன்னாடி ஆச்சு? தெரு அணைஞ்சி போச்சே!"

குரல் இருக்கிறது, ஆள் இல்லை. கண்ணை எடுத்தார். "ஆ, வந்திடிச்சி, வந்திடிச்சி" என்றது குரல். மறுபடி கண்ணை வைத்தார். "அய்ய, மறுபடியும் போச்சு!" உள்ளே வெளிச்சம் போகிற வழி அது ஒன்றே, எட்டிப் பார்க்க வருகிறவன் கண்ணே அதை அடைத்துவிடுகிறது என்று அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. பிடிபட்டும் நம்பாமல் மூன்றாம் முறையும் வைத்துப் பார்த்தார். பின்னாலிருந்து வரதன் உரக்கக் கேட்டான்.

"இன்னா பாய், உங்க வூட்டையே எட்டி எட்டிப் பாத்துகினு கீறீங்க?"

அந்த ஓட்டையில் கண் வைத்ததாகத் தெருவே சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்! வெட்கத்தோடு வீட்டுக்குள் போனார். அறைக்கதவைத் திறந்ததும், "சாத்துங்க, சாத்துங்க!" என்று இரண்டு பெண்களும் கத்தினார்கள். சாத்திக்கொண்டு உள்ளே நின்றார். கண் பழகப் பழக, வெள்ளையடித்த எதிர்ச்சுவரில் கடப்பாக்கம் தெரிந்தது. வண்ணத்தோடு தெரிந்தது, அசைந்துகொண்டு தெரிந்தது, தலைகீழாகத் தெரிந்தது. தரையோரம் நீல வானம், மேலே தெருமண். வரதன் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட, அது கூரையோரம் சுழன்றது. ஓர் ஆடு கால்களை மேலே வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து போயிற்று. பக்கத்தில் அவருடைய கடை. அவர் உட்காரும் இடம் காலி.

ஷாஜாதி அம்மையார் மெல்லச் சொன்னார்: "ரெண்டு மூணு நாளா யாவாரத்த வுட்டுட்டு நம்ம வூட்டையே மொறைச்சிகினு இருந்தீங்களே, தலைகீழா. பாத்துகினுதான் இருந்தோம். இன்னாத்துக்குன்னு புரியல. சொன்னா அடைச்சிடுவீங்கன்னு நாங்களும் வாய தொறக்கல."

சாகிபுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அக்காள் கேட்டார்.

"தம்பி, மசூதி ஓரமா முருங்க மரம் ஒண்ணு இருக்குமே, எங்க அது? தெனமும் தேடித் தேடிப் பாக்கறேன். காணலையே."

அந்த மரம் புயலில் விழுந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இதே தெருவில், இதே வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மதார் சாகிப் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அழுதேன் என்று அவரே எங்களிடம் சொன்னார். இப்போது முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருப்பவரும் அவரே.

பள்ளி மணி அடிப்பதற்குள் திரும்பி வந்தார். நாங்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டோம். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

"ஒண்ணும் தெரியல. சத்தியமா ஒண்ணும் தெரியல" என்றார். "அதுக்காக உங்கள நம்பிட்டேன்னு நெனைக்காதீங்க. வெள்ளிக்கெழம தோறும் நான் வருவேன். இன்னா பாடம்னு மொதல்ல என்கிட்ட சொல்லணும். வூட்ல நான் ஒக்காந்து செஞ்சி பாத்தப்புறந்தான் என் பொண்ணு செய்யும்."

வந்தபோது 'நீ', போகும்போது 'நீங்க'. அதை நாங்கள் எல்லோருமே கவனித்தோம்.

சொன்னபடி வந்தார். வெள்ளி தோறும் தொழுகை முடிந்ததும் வகுப்பு வாசலில் நின்று கரும்பலகையை உறுத்துப் பார்ப்பார். கண்காணிக்க வேண்டுமானால் பெண் பள்ளியில் இருந்தாக வேண்டுமே! அவருடைய சந்தேகம் தீரவே இல்லை. ஆகையால் ஹபீபாவின் படிப்பும் நிற்கவில்லை. எட்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறினாள். அந்தத் தெருவில் அந்த வகுப்பு வரை படித்த முதல் பெண் அவள்தான். இப்போது மாமல்லபுரத்தில் குடித்தனம் செய்கிறாள். மஞ்சள் நீரும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கெடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. மாமல்லபுரத்துத் தமிழாசிரியருக்காக நாங்கள் இப்போதே அனுதாபப்படுகிறோம்.

நல்லாசானே! நோயறியா உடலும் நொடியறியா மனமும் தங்களுக்கு நிலைப்பதாக! தங்கள் துணைவியார் ரெபேக்காள் அம்மையாரோடு செங்கற்பட்டு இல்லத்தில் மக்கள் சூழ, பேரர் சூழ, எதையும் இரண்டு முறை சோதித்துப் பார்க்கும் அண்டை அயலார் சூழ, நீடு வாழ்வீர்களாக!

நிறைவாக ஒன்று. விழா என்றால் மாலையில்தானே வைப்பார்கள், இவர்கள் ஏன் காலையிலேயே கூட்டி, உரைகளை அவசர அவசரமாக முடிக்கிறார்கள் என்று தாங்கள் வந்ததிலிருந்து சந்தேகப்படுகிறீர்கள். சந்தேகம் நியாயமானது. சைதூன் அம்மையார் தங்களை நேரில் கண்டதில்லை. காணும் வழக்கமும் அவ்வீட்டில் இல்லை. தங்கள் பிரிவுச் செய்தி கேட்டுத் தம்பி மூலம் ஒன்றே ஒன்று சொல்லியனுப்பியிருக்கிறார்: "அந்த சாரு பஸ்ஸுக்குப் போறப்போ நம்ம சன்னலுக்கு எதிர்ல கொஞ்ச நேரம் வெயில்ல நிக்கச் சொல்லு தம்பி. நான் அவரு மொகத்தப் பாக்கணும்."

ஆகவே ஐயா, மாலையைக் கழற்ற வேண்டாம். குடையை விரிக்க வேண்டாம். நிழல் விழாமலிருக்க வரதன் தன் கடைப் பந்தலை இன்று காலையே பிரித்துவிட்டான். அங்கே நின்று அந்தச் சன்னலை நோக்கி முகத்தைச் சற்று நிமிர்த்துங்கள். தங்களுக்காக இறைவனிடம் துஆ கேட்டு ஏந்தும் கைகள் தங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்பதைத் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. வெயில் சரிவதற்குள் புறப்படுங்கள்.

இங்ஙனம்,
தங்களைப் பிரிய மனமில்லாத
தலைமையாசிரியர் மற்றும் ஆசிரியர்கள்,
கடப்பாக்கம், 1957.